பேர் சுரண்டின தட்டுகள்

தமிழிலயே கதைப்பம் தம்பி. இங்கிலீசு வேண்டாம். சத்தமும் கொஞ்சம் குறைச்சு. ஏனெண்டு பிறகு சொல்லுறன். உங்களுக்கு இண்டைக்குத்தான் முதல் நாளோ? எனக்கு இது எட்டாவது மாசம். கிழமைக்கு மூண்டு நாள், நாலு மணித்தியாலம், இந்தக் கதிரை, இந்த மெஷின். ஊசி குத்தேக்க பார்க்காதேங்கோ, மற்றப் பக்கம் திரும்புங்கோ. குத்தின பிறகு ஒண்டுமில்லை, இரத்தம் தன்ர பாட்டில போய்ச் சுத்தமாகி வரும். எந்த ஊர்? மீசாலையோ? மீசாலையில ஆற்ற மகன்? சரி விடுங்கோ, உதைக் கண்டுபிடிக்க நாலு மணித்தியாலம் காணாது.

நான் பரராஜசிங்கம், அளவெட்டி. இங்க நேர்ஸ்மாருக்கு அந்தப் பேர் வாயில நுழையாது, மிஸ்டர் சிங்கம் எண்டு கூப்பிடுவினம். எனக்கும் அது வசதி.

உங்களிட்ட ஒரு ஞாயம் கேக்கவேணும். எவர்ட்டன் எண்டு ஒரு மனுசன், எனக்குப் பழக்கமானவர், ஏழு வருசம் மறியலில, சிறையில, கிடந்தவர். ஒரு கண்ணும் போனது. எல்லாத்துக்கும் அந்தத் தமிழன்தான் காரணம் எண்டு லண்டனில பிரிக்ஸ்ரன் பக்கத்துப் பழைய ஆக்கள் இன்னும் சொல்லித் திரியினமாம். அந்தத் தமிழன் நான்தான். நான் ஒண்டும் மறைக்காமல் சொல்லுறன். என்ர பிழை எதிலை எண்டு நீங்கள் சொல்லுங்கோ.

எண்பதாம் ஆண்டு லண்டனுக்கு வந்தனான். கணக்கியல் படிக்க எண்டு விசாவில கிடந்தது. படிச்சது ஒரு தவணை, பிறகு பெற்றோல் செட்டில வேலை. பிரிக்ஸ்ரனில ஒரு வீட்டில மேல் அறை எனக்கு, நிலக்கீழ் அறை எவர்ட்டனுக்கு. ஜமெய்க்காக்காரர். எங்கட ஆக்கள் அவையளை ஒரு சொல்லால சொல்லுவினம், நான் அந்தச் சொல் பாவிக்கிறேல்லை. பாவிச்சாலும் மனசுக்குள்ளதான்.

எவர்ட்டன் சவுண்ட் சிஸ்டம் வைச்சிருந்தவர். ரெகே எண்டால் எல்லாரும் பொப் மார்லியின்ர பேரைச் சொல்லிப்போட்டு நிப்பாட்டிப்போடுவினம். அது வாசல்தான் தம்பி. உள்ளுக்க சவுண்ட் சிஸ்டக்காரர் இருக்கினம். அலுமாரி அளவு ஒலிபெருக்கிப் பெட்டியள், ஒரு வான், இசைத்தட்டு நிறைஞ்ச பெட்டியள், ஒரு மைக். மண்டபத்தில இந்த மூலையில ஒரு கூட்டம், அந்த மூலையில மற்றக் கூட்டம், மாறி மாறிப் போடுவினம். எங்கட கோயில் திருவிழாவில ரண்டு கூட்டம் மேளம் பிடிச்சுச் சமா வைக்கிறேல்லையோ, அதேதான். தோத்தவனுக்கு அடுத்த கிழமை ஆரும் வரமாட்டினம்.

இதில ஒரு வழக்கம் இருக்கு. தட்டின்ர நடுவில பேர் எழுதின லேபல் இருக்குமெல்லோ? அதைச் சுரண்டிப்போடுவினம். பாட்டின்ர பேர், பாடினவன், எடுத்த இடம், ஒண்டும் தெரியாது. வெறும் கறுப்பு. ஐம்பதாம் ஆண்டுகளிலயே ஜமெய்க்காவில, கிங்ஸ்ரனில, அமெரிக்காத் தட்டுகளுக்கு இப்பிடிச் செய்தவையாம். மற்றவன் பேரைக் கண்டால் தானும் அதே தட்டை எடுப்பிச்சுப்போடுவான், பிறகு உன்னட்ட என்ன இருக்கு? எவர்ட்டனிட்ட நானூற்றுப் பன்னிரண்டு தட்டு. ஒண்டுக்கும் பேரில்லை. விரலால தடவிப்போட்டு இது இன்னது எண்டுவார்.

அந்தப் பேரெல்லாத்தையும் எனக்கு மட்டும் சொல்லித்தந்தவர். பெட்டி தூக்கப் போய்த்தான் பழக்கம். ராஜா எண்டு கூப்பிடுவார். நான் சின்னனிலேயே தேவாரம் பாடமாக்கினவன், ஒருக்காக் கேட்டால் காணும். ராஜாவுக்குச் சொன்னால் கிணத்துக்குள்ள போட்டமாதிரி எண்டு ஆக்களுக்குச் சொல்லுவார். எனக்கு அது சரியான பெருமை.

ஒரு தட்டு மட்டும் வேற. அது கடையில வாற தட்டில்லை, உலகத்திலேயே ஒண்டுதான். பாட்டுக்காரனைப் பிடிச்சு உன்ர சவுண்டின்ர பேரைச் சொல்லிப் பாடப் பண்ணி, நேரடியா வெட்டி எடுக்கிற மெத்தெண்ட தட்டு. பாடினது கிங்ஸ்ரனில இருந்த எவர்ட்டனின்ர தம்பி கிளைவ். எண்பதாம் ஆண்டுத் தேர்தலில கிங்ஸ்ரனில எண்ணூறு பேருக்கு மேல செத்தது எண்டு சொல்லுறவை. கட்சிக்காரர் தெருத்தெருவா ஆளை ஆள் சுட்டது. கிளைவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கேற்றைத் திறக்க, நெஞ்சில சுட்டவங்கள். தாய் முன்னால நிண்டவ. அதுக்கு ரண்டு கிழமைக்கு முன்னம் பாடின பாட்டு அது. பெடியன்ர குரல் எண்டு எவர்ட்டனுக்கு மிஞ்சினது அந்தத் தட்டு மட்டும்தான். ஊசி போடப் போட மெழுகு மாதிரித் தேயும், ஐம்பது தரம் போட்டால் பிறகு இரைச்சல்தான் எண்டு எனக்குச் சொன்னவர். அவர் போட்டது மொத்தம் நாலு தரம். தோக்கிற நிலை வந்தால் மட்டும் எடுப்பன் எண்டவர்.

இனி எண்பத்தொண்டு ஏப்ரல். பிரிக்ஸ்ரன் கலவரம், பொலிசும் கறுப்பாக்களும் அடிபட்டது, கேள்விப்பட்டிருப்பீங்கள். அந்தச் சனிக்கிழமை பின்னேரம் நான் வேலை முடிஞ்சு நடந்து வாறன். தெரு முழுக்கச் செங்கல். பொலிஸ் வான் ஒண்டு கவிண்டு கிடந்து எரியுது. ஒருத்தன்ர மண்டை உடைஞ்சு வழியுது, அவன் அதைத் துடைக்காமல் அடுத்த கல்லைப் பொறுக்கிறான். பெற்றோல் போத்தில் எறியிறாங்கள். என்ர உடுப்பெல்லாம் பெற்றோல் மணம், செட்டில வேலை செய்தவனுக்கு வேற என்ன மணக்கும்? ஒரு பொலிஸ்காரன் என்ர கழுத்தைப் பிடிச்சு மதிலோட சாத்திப்போட்டு மணந்து பார்த்தான். பொல்லை ஓங்கிட்டான். எனக்கு மூத்திரம் போட்டுது. உள்ளதைச் சொல்லுறன்.

எவர்ட்டன் வாசலால ஓடி வந்தவர். இவன் செட்டில வேலை செய்யிறவன், என்ர வீட்டு ஆள் எண்டு கத்திக்கொண்டு நடுவில வந்து நிண்டவர். அந்தப் பொல்லு அவற்ர வாயில விழுந்தது. முன்பல்லு ரண்டும் போய், நாடி எலும்பும் உடைஞ்சது. விழுந்த பிறகும் நாலு பேர் நிண்டு மிதிச்சவங்கள். பொலிசுக்கு அடிச்சது எண்டு அவரில வழக்கு வேற. ஆஸ்பத்திரியும் மறியலுமா அஞ்சு கிழமை.

எனக்காக வாங்கின அடி. நான் நன்றி கெட்டவனில்லைத் தம்பி. மனுசன் வரேக்க ஏதாவது ஒண்டு செய்து வைச்சிருக்கவேணும் எண்டு யோசிச்சன். எனக்குப் பள்ளிக்கூடத்தில கையெழுத்துக்குப் பரிசு கிடைச்சது. நானூற்றுப் பன்னிரண்டு தட்டையும் எடுத்தன். வட்டமா வெள்ளைக் கடதாசி வெட்டி, பாட்டு, பாடினவன், எடுத்த இடம், ஆண்டு, எல்லாம் வடிவா எழுதி ஒட்டினன். பிறகு ஒரு மட்டை போட்ட சி.ஆர். நோட்டுக் கொப்பியில ஏ, பீ, சீ எண்டு ஒழுங்குப்படி முழுப் பட்டியல். பதினாறு நாள் வேலை. பேரில்லாமல் ஒரு பொருள் கிடந்தால் எனக்கு நித்திரை வராது. சுரண்டினது ஏனெண்டு எனக்குத் தெரியும்தான். ஆனா அது வீட்டுக்குள்ள இருக்கிற தட்டு, ஆர் வந்து பார்க்கப்போகினம் எண்டு நினைச்சன். கொப்பி ஒருக்கால் வெளியால போய் வந்ததுதான், இல்லையெண்டு சொல்லேல்லை. அதுக்கு வாறன்.

கிளைவின்ர தட்டையும் அந்த நேரம்தான் வடிவாக் கேட்டன். அறையில தனிய இருக்கிறன், அஞ்சு கிழமை. காலமை வேலைக்குப் போக முன்னம் ஒருக்கால். வந்த பிறகு ரண்டு தரம். அவ்வளவுதான். கூடப் போடேல்லை. எவர்ட்டன் சொன்ன கணக்கு எனக்கு ஞாபகம் இருந்தது, ஆனா ஒருக்காப் போட்டால் என்ன குறையப்போகுது எண்டுதான் ஒவ்வொரு தரமும் நினைச்சது. அப்பிடி ஒரு குரல் தம்பி. நான் ஊரை விட்டு வந்து முதல் தரம் அழுதது அந்தப் பாட்டுக்குத்தான்.

மே மாசம் பதினோராம் திகதி பொப் மார்லி செத்தது. எழுபத்தாறில வீட்டுக்குள்ள பூந்து சுட்டவங்கள், ரண்டு நாளால மேடையேறிப் பாடின மனுசன், கடைசியில புற்றுநோய் வருத்தம் கொண்டுபோனது. எங்கட தெருவில வீட்டுக்கு வீடு அவற்ர பாட்டு, கதவைத் திறந்து வைச்சுப்போட்டு ஆம்பிளையள் படியில இருந்து அழுதவை. அதே கிழமைதான் வழக்கு நிக்காது எண்டு எவர்ட்டனை விட்டவங்கள். நாடி கோணலா வந்து சேர்ந்தார்.

லேபலையும் கொப்பியையும் பார்த்தார். படியில குந்தியிட்டார். ராஜா, எனக்கொரு நூலகம் கட்டி வைச்சிருக்கிறாய் எண்டு சொல்லிச் சிரிச்சார், சிரிக்க நாடி நொந்தது. பிறகு குளிக்கிற தொட்டியில தண்ணி பிடிச்சு எல்லாத்தையும் ஊறப்போட்டுச் சுரண்டினவர், மூண்டு நாள். கிளைவின்ர தட்டை மட்டும் நனைக்கப் பயந்து துணியால சுத்தி மேல வைச்சவர். சுரண்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டவர், இதை வேற ஆரும் பார்த்தவையோ எண்டு. இல்லை எண்டன்.

சேர் நேதன் எண்டு ஒருத்தன், மற்றச் சவுண்ட்காரன். ஜூன் ஆறாம் திகதி சனிக்கிழமை மத்தியானம் நகர மண்டபத்தில ரண்டு பேருக்கும் சமா. மார்லி செத்த பிறகு முதல் பெரிய சமா, சனம் அள்ளுப்படும் எண்டு தெரியும். எவர்ட்டன் ரண்டு மாசம் ஒரு இடமும் வாசிக்கேல்லை. இதில தோத்தால் பெட்டியளை வித்துப்போட்டு பஸ் டிப்போவில வேலைக்குத்தான் போகவேணும் எண்டு சொன்னவர்.

அதுக்கு மூண்டு நாளைக்கு முன்னம்தான் எனக்கு யாழ்ப்பாண நூலகம் எரிஞ்ச செய்தி வந்தது. தொண்ணூற்றேழாயிரம் புத்தகமாம். நான் அதில அட்டை வைச்சிருந்தவன். எவர்ட்டனுக்குச் சொன்னன். அவர் கோணல் நாடியைத் தடவிக்கொண்டு, பொலிஸ் எங்க நிண்டது எண்டு கேட்டார். பக்கத்திலதானாம் எண்டன். தலையை ஆட்டினார். இதை ஏன் சொல்லுறன் எண்டால், அந்தக் கிழமை என்ர மூளை ஒரு நிலையில இல்லை. அதையும் கணக்கில எடுங்கோ.

மண்டபத்தில நேதன் முதல். முதல் தட்டுப் போட்டான். எவர்ட்டனிட்ட மட்டும் இருந்த பாட்டு. சரி, ஒண்டு எப்பிடியோ கிடைச்சிருக்கும். ரண்டாவது போட்டான், அதுவும் எங்கட பாட்டு. மூண்டாவது, நாலாவது. ஒருத்தரிட்டையும் இல்லாத பாட்டுகள், கிங்ஸ்ரனில இருந்து ஒரு மாசத்துக்குள்ள எடுப்பிச்சிருக்கிறான். விசரன், கொப்பியில கிடந்த ஒழுங்குக்கே போடுறான் தம்பி. ஏ, ஏ, பீ, பீ, சீ. எவர்ட்டன் தட்டுப் பெட்டிக்கு மேல கையை வைச்சபடி நிண்டவர். மெல்லமாத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ராஜா, கொப்பியை ஆற்ற கையில குடுத்தனி?"

சரி, இதையும் சொல்லுறன். ஃபிட்ஸ்ராய் எண்டு நேதன்ர ஆள் ஒருத்தன். எவர்ட்டன் மறியலில இருக்கேக்க வந்தவன், சுகம் விசாரிக்க. பொரிச்ச மீனும் பாணும் கொண்டுவந்தவன். கொப்பியைக் கண்டுபோட்டு, இப்பிடி ஒரு கையெழுத்தை நான் பிறந்ததுக்குக் காணேல்லை, எங்கட பெடியங்களுக்கும் ஒழுங்கு எண்டால் என்ன எண்டு காட்டவேணும் எண்டான். சனி பின்னேரம் கொண்டுபோய்த் திங்கள் திருப்பித் தந்தவன், மேலுறை போட்டு. லண்டன் வந்து ஒரு வருசத்தில என்னை ஒரு மனுசன் புகழ்ந்தது அண்டைக்குத்தான். நான் குடுக்கேல்லை, அவன் கேட்டவன்.

ஆனா அந்த மண்டபத்தில, ஆயிரம் சனத்துக்கு முன்னால, அந்த மூஞ்சையைப் பார்த்துக்கொண்டு இவ்வளவையும் விளக்க ஏலுமோ? ஃபிட்ஸ்ராய் களவெடுத்தவன் எண்டு சொல்லிப்போட்டன். வாயில வந்தது.

எவர்ட்டன் பெட்டிப் பக்கம் திரும்பினார். துணியை அவிழ்த்துக் கிளைவின்ர தட்டை எடுத்தார். மைக்கில தம்பியின்ர பேரைச் சொன்னார். சனம் அப்பிடியே அமைதி, கிளைவைச் சுட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஊசியை வைச்சார். இரைச்சல் தம்பி. வெறும் இரைச்சல். அடியில எங்கயோ கிளைவ் முனகிறமாதிரி ஒரு சத்தம். எவர்ட்டன் ஊசியை எடுத்துத் திரும்பவும் வைச்சார். அதே இரைச்சல். ஆரோ சிரிச்சான், பிறகு பாதி மண்டபம் சிரிச்சது. நேதன் மைக்கில சொன்னான்:

"எவர்ட்டன், உன்ர தம்பி ரண்டாம் தரமும் செத்துப்போனான்."

எவர்ட்டன் என்னட்ட வந்தார். கண் சிவந்துபோய், ஆனா குரல் மெல்லமா.

"தட்டைப் பழுதாக்கினதும் ஃபிட்ஸ்ராயோ?"

நான் வாய் திறக்கேல்லை. அதைச் சத்தியம் பண்ணிச் சொல்லுவன். தலை மட்டும் ஓமெண்டு ஆடினது.

மைக் நிக்கிற இரும்புக் கம்பியைக் கழட்டிக்கொண்டு சனத்துக்குள்ளால போனார். ஃபிட்ஸ்ராய் மேசையில சாஞ்சு பியர் குடிச்சுக்கொண்டு நிண்டவன், ஒண்டும் விளங்காமல் சிரிச்சவன். முதல் அடி தோளில. எலும்பு முறிஞ்ச சத்தம் எனக்குக் கேட்டது. அவன் போத்திலை மேசையில உடைச்சு மேல் நோக்கி இழுத்தான், எவர்ட்டனின்ர கன்னத்தில பூந்து இடக்கண் வரைக்கும் கிழிஞ்சது. அந்தக் கண்ணோடயே நிண்டு அடிச்சவர். மண்டையில மூண்டு தரம். பெட்டியள் சரியுது, பொம்பிளையள் விழுந்தெழும்பி ஓடினம், நேதன்ர ஆக்கள் சங்கிலியோட வாறாங்கள். ஃபிட்ஸ்ராய் விழுந்து கிடந்து என்னைத்தான் பார்த்தவன்.

"நீதானே தந்தனி," எண்டான்.

வேற ஒருத்தருக்கும் கேக்கேல்லை. நான் கிளைவின்ர தட்டை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால நிண்டனான். அது உடைஞ்சுபோடக்கூடாது எண்டு.

பதினோராம் நாள் ஃபிட்ஸ்ராய் ஆஸ்பத்திரியில செத்தான். எவர்ட்டனின்ர வழக்கறிஞர் என்னைத் தேடி ரண்டு தரம் வந்தவராம். கொப்பி களவுபோனது, தம்பியின்ர தட்டைப் பழுதாக்கினது, இதை நான் கோட்டில சொன்னால் தண்டனை குறையும் எண்டு. நான் அப்ப லெஸ்ரருக்குப் போயிட்டன், லண்டனுக்குத் திரும்பி வந்தது கன வருசத்துக்குப் பிறகுதான். விசா பிரச்சினை எனக்கு. மற்றது, கோட்டில சத்தியம் பண்ணிப்போட்டுப் பொய் சொல்லுறது எனக்குப் பிடிக்காது. எங்கட குடும்பத்தில அந்தப் பழக்கம் இல்லை. ஏழு வருசம் விழுந்தது.

இப்ப சொல்லுங்கோ. அடிச்சது நானோ? போத்தில் உடைச்சது நானோ? சிரிச்சது நானோ? ஒரு கொப்பி எழுதினன், ஒரு பாட்டுக் கேட்டன். தலையாட்டினதை விடுங்கோ, அது பயத்தில.

ஏன் இங்கிலீசு வேண்டாம் எண்டனான் எண்டு கேக்கிறீங்கள். திரும்பிப் பார்க்காதேங்கோ. எனக்கு அங்கால, ஒரு கதிரை தள்ளி. கறுப்புக் கண்ணாடி, நாடி கோணல். மற்றக் கண்ணைச் சீனி வருத்தம் கொண்டுபோட்டுது, சிறுநீரகத்தையும் அதுதான். நான் வந்த முதல் நாளே கண்டிட்டன். அவருக்கு என்னைத் தெரியாது, மிஸ்டர் சிங்கம் எண்டு ஆரோ ஒரு கிழவன் எண்டுதான் நினைச்சுக்கொண்டு கிடக்கிறார். எட்டு மாசமா அந்த மனுசனுக்குப் பக்கத்தில கிடக்கிறன். இங்கிலீசு கதைச்சால் என்ர குரலைக் கண்டுபிடிச்சிடுவார் எண்டு, நேர்ஸ் சுகம் கேட்டாலும் கையாலதான் காட்டுவன்.

கேளுங்கோ, தொடங்கிட்டார். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் பாடுவார். கிளைவின்ர பாட்டுத்தான். அம்மா, கேற்றைத் திறவாதேங்கோ, கூப்பிடுறது என்ர பேர்தான், கூப்பிடுறவன் என்ர ஆள் இல்லை. அதுவரைக்கும் சரி. அதுக்குப் பிறகு நாலு வரி இருக்கு. அதில வந்து நிண்டுபோடுவார். அவர் கேட்டது நாலு தரம்தானே, நாற்பது வருசத்துக்கு மேல ஆச்சு. திரும்ப முதலில இருந்து தொடங்குவார், திரும்ப அங்கயே வந்து நிப்பார். சில நாள் அழுவார். அந்த நாலு வரியும் இப்ப உலகத்தில என்னட்ட மட்டும்தான் இருக்கு. ஒரு சொல் மறக்கேல்லை. குடுக்கலாம்தான். குடுத்தால் எப்பிடித் தெரியும் எண்டு கேப்பார், அதுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?

பாருங்கோ, அதே இடத்தில நிண்டிட்டார். எத்தினை நாள் கேக்கிறது இந்தப் பாதிப் பாட்டை. அது கீழ போறேல்லைத் தம்பி, மேல ஏறவேணும். மெட்டு இப்பிடிப் போகும். ம்ம்... ம்... ம்ம்ம்...

நிப்பாட்டிட்டார். தலையை இந்தப் பக்கம் திருப்பிறார். தம்பி, ஏதாவது கதையுங்கோ, சும்மா கதையுங்கோ. கையை நீட்டிறார், ஊசி கழரப்போகுது. ராஜா எண்டுதானே கூப்பிட்டவர்? நீங்களும் கேட்டனீங்கள்தானே?

நீங்கள் இங்கிலீசில சொல்லுங்கோ தம்பி, கெதியாச் சொல்லுங்கோ. பாடினது நீங்கள் எண்டு சொல்லுங்கோ.